ஓடை வழியா, காட்டு வழியா, முகட்டு வழியா? இலையுதிர்காலத்தில் தனியாக மலையேறுபவருக்கு

ஒரே சிகரத்துக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். ஓடையை ஒட்டி மேலேறும் வழி ஒன்று. நடுச்சரிவில் காட்டுக்குள் வளைந்து வளைந்து போவது இன்னொன்று. முகட்டைப் பிடித்து மலையின் முதுகிலேயே நடப்பது மூன்றாவது. கோடையில் நாலு பேராகப் போகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. நிழல் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, காட்சி வேண்டுமா என்று பார்த்து மனத்துக்குப் பிடித்த வழியில் கிளம்பிவிடலாம். இலையுதிர்காலத்தில், அதுவும் தனியாக, கரடிகளும் பெரிய மான்களும் வாழும் மலைக்குப் போகிறவருக்கு அந்தத் தாராளம் கிடையாது. அவருக்கு வழியைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாதுகாப்பு. பையில் எடுத்துப்போகும் கருவிகளெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

மூன்று வழிகளையும் நான் ஒரே அளவுகோலால் அளக்கிறேன். விலங்கும் நானும் ஒருவரையொருவர் எவ்வளவு தூரத்தில் தெரிந்துகொள்வோம்? இருநூறு மீட்டரில் தெரிந்துகொண்டால் அது கண்கொள்ளாக் காட்சி. பத்து மீட்டரில் தெரிந்துகொண்டால் அதுவே ஆபத்து. காட்டு விலங்கு மனிதனைத் தேடிவந்து தாக்குவது அரிது. குட்டிகளுடன் இருக்கும்போது திடுக்கிட்டுப்போன தாய்க்கரடி, கிடைத்த இறைச்சியைக் காத்து நிற்கும் கரடி, இணைதேடும் வெறியில் எதையும் எதிரியாகப் பார்க்கும் ஆண் மான் ஆகியவைதான் அஞ்ச வேண்டியவை. மூன்றுக்குமே தூரம்தான் மருந்து. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் விதி கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் குறைந்தது 91 மீட்டர், எல்க் மானிடமிருந்தும் காட்டெருமையிடமிருந்தும் குறைந்தது 23 மீட்டர் விலகி நிற்கச் சொல்கிறது. அந்தத் தூரத்தைக் கடைப்பிடிக்க முதலில் விலங்கு கண்ணில் பட வேண்டும். எந்த வழியில் அது சீக்கிரம் கண்ணில் படும் என்பதே கேள்வி.

இந்தப் பருவத்தில் மலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஒப்பீடு விளங்கும். கரடி குளிர்காலம் முழுவதையும் குகையில் ஒன்றும் தின்னாமல் கழிக்கப்போகிறது. அதற்கான கொழுப்பை இப்போதே சேர்த்தாக வேண்டும். ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடத் தின்றுகொண்டே இருக்கும். இருபதாயிரம் கலோரி வரை உள்ளே போகும். கோடையில் நடுப்பகலில் படுத்துக்கிடக்கும் அதே கரடி இப்போது எந்த நேரத்திலும் நடமாடும். தலையைப் பழப்புதருக்குள் விட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது அதன் காதும் மூக்கும் நம் பக்கம் திரும்புவது தாமதமாகும். எல்க், மூஸ் போன்ற பெரிய மான்களுக்கு செப்டம்பரும் அக்டோபரின் முதல் பாதியும் இணைசேரும் காலம். வெயில் சாயும் நேரத்தில் எல்க் ஆணின் குரல் தாழ்வாகத் தொடங்கி, சீழ்க்கைபோல உச்சத்துக்கு ஏறி, கடைசியில் சில உறுமல்களாக உடையும். அதைக் கேட்பதற்காகவே மலைக்குப் போகலாம். ஆனால் அந்தக் குரல் பக்கத்துப் புதரிலிருந்து வந்தால் நின்று ரசிக்கக் கூடாது.

இனி ஓடை வழி. மூன்றில் அழகானது இதுதான் என்று பலரும் சொல்வார்கள்; நானும் மறுக்கவில்லை. ஏற்றம் மெதுவாக இருக்கும், தண்ணீர் கூடவே வரும், மஞ்சளாகிய இலைகள் நீரில் மிதந்துவரும். தனியாகப் போகிறவருக்கு மூன்றில் மோசமானதும் இதுதான். காரணம் சத்தம். பாறைகளுக்கிடையே விழும் நீரின் இரைச்சல் நம் காலடியையும் குரலையும் விழுங்கிவிடும். இருபது மீட்டருக்கு அப்பால் இருக்கும் கரடிக்கு நாம் வருவது கேட்காது. அது கிளையை ஒடிப்பது நமக்கும் கேட்காது. கரையோரம் அடர்ந்த புதர், அடிக்கடி திருப்பம், எனவே கண்ணும் உதவாது. மிச்சமிருப்பது மோப்பம். அதற்குக் காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். எதிர்க்காற்றில் ஓடையோரம் தனியாக நடப்பது மூன்று புலன்களும் அடைபட்ட நிலையில் நடப்பது.

இதோடு, இலையுதிர்காலத்தில் ஓடைக்கரை வெறும் வழியாக மட்டும் இருப்பதில்லை. சால்மன் மீன்கள் முட்டையிட ஏறிவரும் ஆறுகளில் பழுப்புக் கரடிகள் கூடும். மூஸ் மான் கரையோரத்து வில்லோ புதர்களை விட்டு அதிகம் விலகாது. எல்க் ஆண்கள் ஈரநிலத்தைக் காலால் தோண்டி, அதில் சிறுநீர் கழித்து, அந்தச் சேற்றிலேயே புரளும். அப்படியொரு குழியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஓரங்களில் கொம்பால் கிழித்த கோடுகள் தெரியும். சேற்றில் கரடுமுரடான முடி ஒட்டியிருக்கும். காட்டமான வாடை மூக்கில் ஏறும். அருகில் உள்ள இளமரங்களின் பட்டை ஆளுயரத்தில் உரிந்து தொங்கும். குழியில் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அந்த மான் இன்னும் அங்கேதான் எங்கோ இருக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மூஸைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கரடிக்குப் பயப்படுகிறவர்கள் பலர் மூஸைப் பார்த்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு நெருங்குகிறார்கள். பெரிய ஆண் மூஸ் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். காதுகளைப் பின்னால் மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, உதட்டை நக்கியபடி தலையைத் தாழ்த்தினால் அது பாயப்போகிறது என்று பொருள். அப்போது ஓட வேண்டும். ஓடி ஒரு பெரிய மரத்தையோ பாறையையோ நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். கரடியிடமும், மலைச் சிங்கம் எனப்படும் பூமாவிடமும் ஒருபோதும் ஓடக் கூடாது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது.

நடுச்சரிவுக் காட்டு வழியைப் பற்றி அவ்வளவு சொல்ல இல்லை. அது இரண்டுக்கும் இடைப்பட்டது. நீரின் இரைச்சல் கிடையாது, குரல் தெளிவாகப் போகும். காய்ந்த சருகு மேல் நடக்கும்போது நம் காலே நமக்கு அறிவிப்பாளர். ஆனால் மழை பெய்து சருகு நனைந்துவிட்டால் அந்த உதவி போய்விடும். ஊசியிலைக் காடென்றால் பார்வை எப்போதும் குறைவுதான். இலையுதிர் மரக்காடென்றால் எல்லாம் எந்த வாரத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்தது: இலை நிறைந்திருக்கும்போது முப்பது மீட்டருக்கு மேல் தெரியாத இடம், இலை கொட்டியபின் நூறு மீட்டர் வரை திறந்துவிடும். மண்ணுக்குள் கூடு கட்டும் குளவிகள் பருவத்தின் தொடக்கத்தில் உச்ச எண்ணிக்கையில் இருக்கும். கடும் உறைபனி விழுந்தபின் அந்தத் தொல்லை தீரும். உண்ணிகள் அப்படித் தீர்வதில்லை. வட அமெரிக்காவில் லைம் நோயைப் பரப்பும் உண்ணியின் முதிர்ந்த பருவம் அக்டோபர், நவம்பரில்தான் மும்முரமாக இருக்கும். புல் உரசும் வழியில் நடந்தவர்கள் அன்றிரவே உடம்பைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முகட்டு வழிதான் என் தேர்வு. மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போகும் அந்த உயரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைவு இருக்காது. எதிர்ச் சரிவில் மேயும் கரடியை ஒரு சாதாரண பைனாகுலரால் மணிக்கணக்கில் பார்க்கலாம். அது கல்லைப் புரட்டும்போது தோள் தசை அசைவதும், ஒரு புதரை முடித்து அடுத்ததற்கு அவசரமில்லாமல் நகர்வதும் தெரியும். நாம் அதைத் தொந்தரவு செய்யவில்லை, அது நம்மைப் பொருட்படுத்தவில்லை. தனியாக மலைக்குப் போகிறவர் எந்தச் சந்திப்பை நாடிப் போகிறாரோ அது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கீழே புதருக்குள் அதே கரடியை ஒரு நொடி பார்ப்பதில் அச்சத்தைத் தவிர எதுவும் மிஞ்சாது.

பறவைகளும் முகட்டுக்கே வரும். மலைத்தொடரில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புவதால், தெற்கே வலசை போகும் பருந்துகளும் வல்லூறுகளும் சிறகை அதிகம் அசைக்காமலே முகட்டின் நீளத்துக்கு மிதந்து போகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அப்படியொரு முகட்டில் அந்தப் பறவைகளை ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்டு வீழ்த்தியதைப் பார்த்துத்தான் 1934-இல் ஹாக் மவுண்டன் சரணாலயம் தொடங்கப்பட்டது. வேட்டைப்பறவைகளுக்கென்று உலகில் அமைந்த முதல் சரணாலயம் அது. சுடுவதற்குப் போன அதே பாறைகளில் இன்று எண்ணிக்கை எடுப்பதற்காக உட்காருகிறார்கள். இலையுதிர்கால முகட்டில் ஒரு பகல் உட்கார்ந்தால் இந்த இடத்தை ஏன் காப்பாற்றினார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

ஆனால் முகடு என்றால் கரடி இருக்காது என்று நம்பிப் போகக் கூடாது. வட அமெரிக்க மலைகளில் மரங்களின் மேல் எல்லையில் வளரும் வெண்பட்டைப் பைன் மரத்தின் விதைகள் கொழுப்பு மிகுந்தவை. செவ்வணில் அதன் கூம்புகளை அறுத்துத் தள்ளி, ஒரே இடத்தில் குவித்துக் குளிர்காலத்துக்குப் பதுக்கும். பழுப்புக் கரடியில் ஒரு வகையான கிரிஸ்லிக் கரடி தானாக மரமேறிப் பறிப்பதில்லை. அணில் சேர்த்ததைத் தோண்டித் தின்கிறது. கூம்புச் செதில்கள் பழுப்பு மேடாகக் குவிந்திருக்கும் ஒரு மரத்தடி, அதில் பள்ளம் பறிக்கப்பட்டு, அடிமண் இன்னும் ஈரக் கருமையாகத் தெரிந்தால் அந்த விருந்தாளி வெகுதூரம் போயிருக்காது. கூம்பு நன்றாகக் காய்த்த ஆண்டில் கரடிகள் மேலே இருக்கும். பொய்த்த ஆண்டில் கீழே, மனிதர்கள் நடமாடும் இடங்களுக்கு இறங்கும், மோதல்களும் கூடும். ஜப்பானிலும் இதே கதைதான். பீச் கொட்டைகளும் ஓக் கொட்டைகளும் பொய்த்துப்போன ஆண்டுகளில் கரடிகள் ஊருக்குள் வருகின்றன. 2023 நிதியாண்டில் மட்டும் அங்கே 219 பேர் கரடிகளால் தாக்கப்பட்டார்கள். அவர்களில் 6 பேர் இறந்தார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன் வனக்காவலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த ஆண்டு எது காய்த்திருக்கிறது, எந்த உயரத்தில் காய்த்திருக்கிறது என்பதுதான். வழி திறந்திருக்கிறதா என்பதை அடுத்ததாகக் கேட்கலாம். அந்தப் பதில் என் தேர்வை மாற்றியே தீரும்: கூம்பு கொழித்த ஆண்டில் பைன் வரம்பை ஒட்டிய முகட்டைத் தவிர்த்து, இலை கொட்டிய நடுச்சரிவை எடுப்பேன்.

முகட்டின் இன்னொரு குறை வானிலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கீழே மழையாகப் பெய்வது மேலே பனியாக விழும். காற்று அடித்தால் ஒதுங்க இடமில்லை. மேகம் இறங்கிவிட்டால் பார்வைத் தூரம் என்கிற முகட்டின் ஒரே பலமும் அன்றைக்கு இல்லை. பலத்த காற்றோ பனியோ வரும் என்ற முன்னறிவிப்பு இருந்தால் முகட்டை அன்று மறந்துவிடலாம். கிலுகிலுப்பைப் பாம்புகள் வாழும் பகுதிகளில் வெயில் படும் பாறைப் பிளவுகளில் அவை குளிர்கால உறக்கத்துக்காகக் கூடும் என்பதையும் நினைவில் வைத்து, கை வைக்கும் இடத்தைப் பார்த்துக் கை வைக்க வேண்டும்.

எந்த மாதம் என்ற கேள்விக்கும் அதே அளவுகோல் பொருந்தும். செப்டம்பரில் வண்ணங்கள் தொடங்கும், மான்களின் குரலும் உச்சத்தில் இருக்கும். ஆனால் புதர்களில் இலையும் பழமும் நிறைந்து, கரடிகளும் ஆண் மான்களும் ஒரே நேரத்தில் பரபரப்பாக இருக்கும். அக்டோபர் இறுதியில் மான்களின் வெறி அடங்கியிருக்கும், இலை கொட்டிக் காடு திறந்திருக்கும், கருவுற்ற பெண் கரடிகள் சில குகைக்குப் போகத் தொடங்கியிருக்கும். ஆண் கரடிகள் மேலும் சில வாரங்கள் வெளியேதான் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு நான் பின்னதையே சொல்வேன், வண்ணங்களில் பாதியை இழந்தாலும் சரி.

அதற்கும் ஒரு விலை உண்டு. அது வேட்டைக்காலம். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ அணிவதில் யோசனையே வேண்டாம். மான்களின் கண்ணுக்குச் சிவப்பை உணரும் செல்கள் இல்லாததால் அந்த ஆரஞ்சு அவற்றைக் கலைக்காது. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும். வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடல் கழிவைத் தேடிக் கரடிகள் வரும். அண்டங்காக்கைகள் ஓரிடத்தில் கூட்டமாக எழுவதும் இறங்குவதுமாக இருந்தாலோ, மண்ணும் சருகும் போட்டு மூடிய சடலம் கண்ணில் பட்டாலோ, சுற்றிப்போக நினைக்காமல் அங்கேயே திரும்பிவிட வேண்டும். மூடி வைத்த கரடியோ மலைச் சிங்கமோ அதற்குக் காவல் இருக்கும்.

நாளின் நேரத்தைப் பொறுத்தவரை விடியலும் அந்தியும் விலங்குகளுக்கு. சூரியன் நன்றாக ஏறியபின் தொடங்கி, மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கீழே வந்துவிடுவதுபோலத் திட்டமிட வேண்டும். 45 டிகிரி அட்சரேகையில் செப்டம்பர் இறுதியை ஒட்டி ஒவ்வொரு வாரமும் பகல் ஏறத்தாழ இருபது நிமிடம் சுருங்குகிறது. கோடையில் ஒரே நாளில் முடித்த வழி இப்போது அந்திக்குள் முடியாது. விடியலுக்கு முன் கிளம்பி ஈடுகட்டுவதைவிடக் குறுகிய வழியை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. முகட்டுக்குப் போகவும் கீழ்க்காட்டைக் கடந்துதான் ஆக வேண்டும்; ஆகவே எந்தத் தொடக்க இடத்திலிருந்து அந்தக் காட்டுத் துண்டு மிகச் சிறியதாக இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தனியாகப் போகத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. யெல்லோஸ்டோனில் 1970-க்குப் பிறகு கரடியால் காயமடைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தனியாகவோ ஒரே ஒரு துணையுடனோ நடந்தவர்கள். மூன்று பேருக்கு மேல் போனால் பேச்சுச் சத்தமே வேலி. தனியாகப் போவதில் உள்ள அமைதியை விரும்புகிறவன் நான். ஆனால் பார்வை மறையும் இடங்களில் அந்த அமைதியை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். திருப்பத்துக்கு முன், புதர் அடர்ந்த இடத்தில், ஓடையைக் கடக்கும்போது கையைத் தட்டி, வாய்விட்டுப் பேசி நடக்க வேண்டும். காதில் இயர்போன் கூடவே கூடாது. ஓடை வழியில் ஆசை இருந்தால் அதை மட்டும் துணையுடன் போகும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள்.

பையில் கட்டும் மணியா, குரலா என்றால் குரல்தான். மணியின் மெல்லிய ஒலி தூரம் போவதில்லை. கரடிகள் அதைக் காதில் போட்டுக்கொள்வதுமில்லை. மனிதக் குரல் மனிதன் வருகிறான் என்று சொல்லிவிடும். மிளகாய்க் காரம் கலந்த கரடி ஸ்பிரேயை மணியோடு ஒப்பிடவே முடியாது. அலாஸ்காவில் நடந்த நிகழ்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளின் வேண்டாத நடத்தையை ஸ்பிரே 92 சதவீத நேரங்களில் நிறுத்தியது. நெருக்கமான சந்திப்பில் அதை வைத்திருந்தவர்களில் 98 சதவீதத்தினர் காயமின்றித் தப்பினார்கள். பைக்குள் வைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இடுப்பிலோ மார்பு வாரிலோ இருக்க வேண்டும். பாதுகாப்புக் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளி எடுக்கும் அசைவு, காரமில்லாத பயிற்சிக் குப்பியில் பழகியிருக்க வேண்டும். கரடி சுமார் ஒன்பது மீட்டருக்குள் வரும்போது, அதன் முகத்துக்குச் சற்றுத் தாழ்வாக, மேகம்போல் பரவும்படி அடிக்க வேண்டும். எதிர்க்காற்றில் பாதி நம் கண்ணுக்கே வரும் என்றாலும் அடிக்காமல் இருப்பதைவிட அடிப்பதே மேல். விமானத்தில் இதை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, போய் இறங்கிய இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் தவறிக் கரடி மேலே விழுந்துவிட்டால், தற்காப்புக்காகத் தாக்கும் பழுப்புக் கரடியிடம் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முதுகுப்பையைக் கழற்றாமல் அசையாது கிடக்க வேண்டும். கருங்கரடி தாக்கினாலோ மலைச் சிங்கம் தாக்கினாலோ கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும்.

கிளம்பும் முன் வீட்டிலோ நண்பரிடமோ ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்தத் தொடக்க இடம், மூன்றில் எந்த வழி, வானிலையோ சடலமோ குறுக்கிட்டால் எதற்கு மாறுவீர்கள், எத்தனை மணிக்குச் சிகரம் கைக்கு எட்டாவிட்டாலும் திரும்பிவிடுவீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். முகட்டில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கலாம், ஓடைப் பள்ளத்தில் பெரும்பாலும் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருந்தால் வழி மாறும் இடத்திலேயே அதையும் ஒரு வரியில் அனுப்பிவிட்டு நடங்கள்.